கேழ்வரகுக் காட்டிலிருந்து கடிகார ஆலைக்கு

1980களின் நடுவில் தர்மபுரி மாவட்டம் என்றாலே 'பின்தங்கிய' என்ற அடைமொழியும் கூடவே வரும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். அதுவரை ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் எல்லாம் தர்மபுரிக்குள் அடக்கம். வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் கொள்ளும்தான் வெள்ளாமை. வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்த பிள்ளைகள் ஏராளம்.

ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அந்த நெருக்கத்தை நம்பித்தான் 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980 வாக்கில் அசோக் லேலண்ட் லாரிகளும் டிவிஎஸ் மொபெட்டுகளும் இங்கிருந்து வெளிவரத் தொடங்கின. ஆனால் ஊருக்குள் ஆலை வந்துவிட்டதாலேயே ஊர்ப் பிள்ளைக்கு நல்ல வேலை கிடைத்துவிடாது. அனுபவசாலிகளை வெளியிலிருந்து கூட்டி வருவதுதான் முதலாளிக்குச் சுலபம்.

1984இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கடிகார நிறுவனத்துக்கும் அந்தச் சுலப வழி திறந்தே கிடந்தது. பெங்களூரில் ஹெச்எம்டி 1961 முதலே கைக்கடிகாரம் செய்துவந்தது. அங்கிருந்து அனுபவமுள்ள சிலரை டைட்டன் அழைத்துக்கொண்டது உண்மை. ஆனால் கடிகாரம் கோக்கும் கைகளை நிர்வாக இயக்குநர் ஜெர்க்சிஸ் தேசாய் வேறிடத்தில் தேடினார். தர்மபுரி மாவட்டத்துப் பள்ளிகளில் படிப்பை முடித்த இளைஞர்களையும் இளம்பெண்களையும் தேர்ந்தெடுத்து, தொழிலை அடியிலிருந்து கற்றுக்கொடுப்பது என்று முடிவானது. ஊரை விட்டு முதல்முறை வெளியே வந்த அந்தப் பிள்ளைகளுக்கு ஓசூரில் தங்க இடத்தையும், பெற்றோர் ஸ்தானத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் பெரியவர்களையும் நிறுவனம் ஏற்பாடு செய்தது. பிற்பாடு மத்திகிரிப் பக்கம் ஊழியர்களுக்கென ஒரு குடியிருப்பே எழுந்தது. அதை வடிவமைத்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா.

களையெடுத்த விரல்கள் ட்வீசர் பிடித்தன. குவார்ட்ஸ் கடிகாரத்தின் சில பல்சக்கரங்கள் மிளகை விடச் சிறியவை. அவற்றை நசுக்காமல் எடுத்து, குழியில் நேராக உட்கார வைக்க வேண்டும். ஒரு தூசு போதும், முள் நின்றுவிடும். பார்வை, பொறுமை, மூச்சின் நிதானம் எல்லாம் கூடிவந்தால்தான் வேலை நடக்கும். உள்ளே வினாடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் பிசகாமல் காட்டும் நேரத்துக்கு, அதை ஒழுங்காகக் கோத்த கையும் ஒரு காரணம். 'இது நான் செய்தது' என்று சொல்லிக்கொள்ளத்தக்க பொருள் எதிரிலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது உழைப்புக்கு வேறு தூண்டுகோல் எதற்கு?

காது கேளாத, வாய் பேச இயலாத இளைஞர்களுக்கும் இதே ஆலையில் இடம் கிடைத்தது. அதை யாரும் இரக்கமாகப் பார்க்க வேண்டியதில்லை. கடிகாரம் கோக்கும் மேசையில் பேச்சுக்கு என்ன வேலை? கைத்திறன்தான் அங்கே மொழி. 1990களில் மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு சுற்றுக் கிராமப் பெண்கள் 'மீடோ' என்ற சொந்த நிறுவனத்தையே தொடங்கி, டைட்டனுக்குக் கடிகாரச் சங்கிலி கோத்துக் கொடுத்தார்கள். கூலிக்குப் போய்வந்தவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். ஓசூர் வரலாற்றில் இது போதிய அளவு பேசப்படாத அத்தியாயம்.

2002இல் வெளிவந்த 'எட்ஜ்' கடிகாரத்தின் மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். கடிகாரத்துக்குப் பேர்போன சுவிட்சர்லாந்தையே திரும்பிப் பார்க்க வைத்த அந்த மெலிவு ஓசூரில் உருவானது. இருபது வருடங்களுக்குள் இந்த மண் அந்த நிலைக்குப் போய்ச் சேர்ந்தது.

உழைப்பில் பிடிப்பு வருவது அவரவர் மனதைப் பொறுத்தது என்று சொல்லிவிடுகிறோம். ஓசூரின் அனுபவம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் யாரோ நம்பினார்கள், பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள், தங்க இடம் கொடுத்தார்கள். பிடிப்பு அதற்குப் பிறகு வந்தது. இன்று போச்சம்பள்ளியில் மின்ஸ்கூட்டர் ஆலையும், ஓசூரைச் சுற்றி மின்னணு ஆலைகளும் எழுந்துவிட்டன. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி ஷிப்டுக்குப் போய்வருகிறார்கள். அவர்களுக்கும் சம்பளத்தோடு நிரந்தர வேலையும், கைவிட்டுப் போகாத ஒரு தொழிலும் கிடைக்க வேண்டும். ஆலைக்கு நிலமும் சலுகையும் தரும் அரசு, ஒப்பந்தத்தில் இதையும் ஒரு நிபந்தனையாக எழுதிவாங்கட்டும்.