செல்லாத சாவி: பதிவு அட்டவணைக் கருவிகள் இழந்த இணைப்புகள்

சமூக ஊடகப் பதிவுகளை முன்கூட்டியே எழுதி வரிசையில் வைத்தால் குறித்த நேரத்தில் தாமே வெளியிடும் அட்டவணைக் கருவிகள், தளங்கள் தாமாக முன்வந்து வெளியாருக்கு வழி திறந்துவிட்ட காலத்தில் பிறந்தவை. 2006இல் தொடங்கிய ட்விட்டர், அதே ஆண்டு செப்டம்பரில் தன் ஏபிஐயை, அதாவது வெளியார் எழுதிய மென்பொருள் தளத்தின் கணினிகளோடு தரவு கொடுத்து வாங்குவதற்கான வாயிலை, பொதுவில் திறந்து வைத்தது. அதன் வழியே 2008இல் ஹூட்சூட், 2010இல் பஃபர் ஆகிய அட்டவணைக் கருவிகள் தோன்றின. வெளியாரின் உழைப்பால் தளமும் வளர்ந்தது. ட்விட்டருக்குப் பறவைச் சின்னத்தை முதலில் சூட்டிய ட்விட்டரிஃபிக், வெளியார் உருவாக்கிய செயலியே.

தொடக்கத்தில் பயனர்கள் தம் கடவுச்சொல்லையே இத்தகைய செயலிகளிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. 2010 ஆகஸ்ட் இறுதியில் ட்விட்டர் அம்முறையைக் கைவிட்டு, ஓஆத் என்னும் முறையைக் கட்டாயமாக்கியது. இதன்படி பயனர் இசைவு தந்ததும், கடவுச்சொல்லுக்குப் பதிலாக டோக்கன் எனப்படும் மின்சாவி ஒன்று கருவிக்கு வழங்கப்படும். பாதுகாப்பு கூடியது உண்மையே. எனினும் சாவியை வழங்குவது தளம் என்பதால், பயனர் எவ்வளவு இசைந்தாலும் தளம் மறுத்துவிட்டால் அது செல்லாது. பிற்கால இழப்புகள் அனைத்துக்கும் வேர் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

ஃபேஸ்புக் பயனர்களின் தரவு அவர்கள் இசைவின்றித் திரட்டப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்த 2018இல், ஃபேஸ்புக் ஆகஸ்ட் 1 முதல் தனிநபர் பக்கங்களில் வெளிக் கருவிகள் பதிவிடுவதை நிறுத்தியது. பயனர் தரவைக் காக்க வேண்டிய கடமை அதற்கு இருந்தது; ஆயினும், எவர் தரவையும் திரட்டாமல் பதிவிட மட்டுமே அந்த வழியை நம்பியிருந்த கருவிகளும் அதை இழந்தன. 2024 ஏப்ரலில் ஃபேஸ்புக் குழுக்களுக்கான வாயிலும் மூடப்பட்டது. வாயில் இல்லாத இடங்களில் கருவி வெறும் நினைவூட்டியாகச் சுருங்குகிறது: நேரம் வந்ததும் கைபேசியில் அறிவிப்பு ஒலிக்க, பயனரே செயலியைத் திறந்து, படத்தைத் தேர்ந்து, எழுதிவைத்ததை ஒட்டி வெளியிட வேண்டியதாகிறது.

2023இல் இழப்பு கட்டணத்தின் வடிவில் வந்தது. இலவச ஏபிஐ நிறுத்தப்படும் என்று பிப்ரவரியில் ட்விட்டர் அறிவித்தது. ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் தன் விளம்பரச் சேவையின் சமூக ஊடகக் கருவியிலிருந்து ட்விட்டரை நீக்கியது. சுரங்க ரயில் தாமதங்களைப் பயணிகளுக்கு ட்விட்டரில் அறிவித்துவந்த நியூயார்க் பெருநகரப் போக்குவரத்து ஆணையமும், அம்மாதத்தில் இருமுறை இணைப்பு அறுந்த நிலையில், 27ஆம் தேதி அச்சேவையைக் கைவிட்டது. பொதுச் சேவை அறிவிப்புகளுக்குக் கட்டணமில்லை என்று ட்விட்டர் இறங்கிவந்த பின்னரே, மே மாதத் தொடக்கத்தில் ஆணையம் அச்சேவையை மீண்டும் தொடங்கியது.

மின்னஞ்சல் அனுப்புவதற்கு இத்தகைய அனுமதி தேவைப்படுவதில்லை. அதன் விதிகள் பொதுத் தரமாக வகுக்கப்பட்டிருப்பதால் எந்த மென்பொருளும் அஞ்சல் அனுப்பலாம், ஒரு நிறுவனம் சேவையை மூடினாலும் வேறொன்றின் வழியே அனுப்பலாம். சமூக ஊடகத்துக்கும் அத்தகைய பொதுத் தரமாக ஆக்டிவிட்டிபப் 2018 ஜனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. ரயிலுக்காகக் காத்திருப்பவருக்குச் சேரவேண்டிய செய்தி ஒரு நிறுவனத்தின் கட்டணப் பட்டியலில் சிக்கி நிற்கலாகாது என்றால், பதிவிடும் வழி அத்தகைய பொதுத் தரத்தின்மேல் அமைவதே முறை.