ஆர் விகுதி

வேப்பம்பட்டில் காலை ரயில் ஏறுகிறவர்கள் தாங்கள் போகுமிடத்தின் முழுப்பெயரைச் சொல்வதில்லை. 2019இல் சென்னை சென்ட்ரலுக்குப் ‘புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன்’ என்ற பெயர் முன்னால் சேர்க்கப்பட்டது. பலகையில் அது முழுதாக இருக்கிறது. பயணிகள் ‘சென்ட்ரல்’ என்கிறார்கள். இதில் அவமரியாதை எதுவும் இல்லை; அவசரம்தான். ஆனால் ஒரு அரசியல்வாதி அந்தப் பட்டத்தை விட்டுவிட்டு ‘ராமச்சந்திரன்’ என்று மட்டும் மேடையில் சொன்னால் அது அவசரம் ஆகாது. கேட்கிறவர்களுக்கு உடனே புரிந்துவிடும். ஒருவரின் பெயரே அவர்மேல் எறியப்படும் கல்லாக ஆன விதம் தமிழ் அரசியலின் வரலாற்றில் ஒரு தனிப் பகுதி. அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

மேடை வசைகளைப் பற்றி நான் பேச வரவில்லை. அவை ஏராளம், பத்திரிகைகள் அவற்றுக்கு வேண்டிய இடம் கொடுத்துவிட்டன. வசை பேசுகிறவன் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். இலக்கணப் பிழை எதுவும் செய்யாமல், மரியாதைச் சொல்லில் ஒரு குறையும் வைக்காமல் எதிராளியைச் சிறியவனாக்குவது வேறு வித்தை. அவ்வை தொண்டைமானின் ஆயுத சாலையைப் பார்த்து, இங்கே வேல்கள் எண்ணெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடிய புறநானூற்றுப் பாட்டு (95) இந்த வித்தையின் ஆதி உதாரணம். ஷேக்ஸ்பியரின் ஆண்டனி ‘கண்ணியமானவர்’ என்ற ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி அதைப் புழுக்க வைக்கிறான். தமிழில் இதற்கு ஒரு முழு வார்த்தைகூட வேண்டியதில்லை. ஒரு விகுதி போதும்.

ஒருவரைப் பன்மையில் சொல்வதைத் தொல்காப்பியம் இலக்கணமாக ஏற்கவில்லை. வழக்கில் வந்துவிட்ட உயர்சொல் என்று மட்டும் ஒப்புக்கொள்கிறது. அந்த வழக்கின் அடையாளம் ‘ஆர்’. சரித்திரத்தில் அது எங்கே போய் ஒட்டிக்கொண்டது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். முதலியார், செட்டியார், நாடார், ஆச்சாரியார். மரியாதை மனிதனிடம் ஒட்டவில்லை, சாதியிடம் ஒட்டியது. அடியில் வைக்கப்பட்டவர்களின் சாதிப்பெயர்கள் ‘ன்’ என்றே முடிந்தன. ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தது, அந்த ‘ன்’னை எடுத்து எதிராளியின் முகத்துக்கு நேரே நீட்டிய காரியம்.

ஆகவே சுயமரியாதை இயக்கம் சாதிப்பட்டத்தில் கைவைத்தது தற்செயல் அல்ல. 1927இல் ஈ.வெ. ராமசாமி தம் பெயரிலிருந்து ‘நாயக்கர்’ என்பதை எடுத்தார். 1929 செங்கற்பட்டு மாநாடு அதைத் தீர்மானமாக்கியது. ஆனால் எதிர்த்தரப்பார் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் ‘ராமசாமி நாயக்கர்’ என்றே எழுதினார்கள். ஒருவன் கழற்றி வைத்ததை நாம் வலிய எடுத்து அவனுக்கு மாட்டிவிடுகிறோம். மரியாதையும் குறையவில்லை, ‘ர்’ இருக்கிறது. 1938இல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாடு அவருக்குப் ‘பெரியார்’ என்ற பெயரைக் கொடுத்தது. சாதி போன இடத்தில் விகுதி மட்டும் மீண்டது.

இந்த இடத்தில் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிட வேண்டும். இக்கட்டுரையில் யாரை எப்படிக் குறிப்பது என்பது எனக்கே தீராத பிரச்னையாக இருக்கிறது. பெரியார் என்று எழுதினால் ஒரு பக்கம், ஈ.வெ.ரா. என்றால் இன்னொரு பக்கம். அண்ணா, அண்ணாதுரை, ராஜாஜி, ராஜகோபாலாச்சாரி. நடுவில் நிற்கிற பெயர் தமிழில் கிடையாது. நான் பழக்கத்தில் வருவதை எழுதுகிறேன். என் சார்பு அதில் தெரிந்தால் தெரியட்டும்.

ராஜாஜியின் விஷயம்தான் இதில் மிகவும் ருசியானது. ‘ராஜாஜி’யில் இருக்கிற ‘ஜி’ வடக்கிலிருந்து வந்த மரியாதை. 1938இல் பள்ளிகளில் ஹிந்தியைக் கொண்டுவந்த பிரதமரின் பெயரிலேயே ஹிந்தி ஒட்டிக்கொண்டிருந்தது என்று எதிரிகளுக்குப் பட்டிருந்தால் ஆச்சரியமில்லை. அவர்கள் ‘ஆச்சாரியார்’ என்றார்கள். ‘ஜி’ போய் ‘ஆர்’ வந்தது. தமிழ்ப்படி மரியாதை கூடத்தான் செய்தது. அந்த நாளில் காங்கிரஸ்காரர்களும் ‘ராஜகோபாலாச்சாரியார்’ என்று பயபக்தியோடு சொன்னவர்களே. சொல் மாறவில்லை. சொல்கிற வாய் மாறியது. தன் சாதிப்பட்டத்தைத் துறந்த இயக்கம் எதிராளியின் சாதிப்பட்டத்தை மட்டும் ஒருநாளும் விடவில்லை. ‘விடுதலை’யில் அது வந்துகொண்டே இருந்தது. நியாயம் என்னவென்றால், நாங்கள் துறந்தோம், நீ துறக்கவில்லை, ஆகவே உன்னை உன் பெயரால் அழைக்கிறோம் என்பது. வாதமாக இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். 1954இல் காமராஜ் முதல்வரான பின் பெரியார் அவரைப் ‘பச்சைத் தமிழர்’ என்று புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சியின் முனையும் காமராஜை நோக்கியதல்ல. நாற்காலியை விட்டு இறங்கிப்போனவரை நோக்கியது.

அண்ணாதுரை ராஜாஜிக்கு வைத்த பெயர் ‘குல்லுகபட்டர்’. குல்லுகபட்டர் மனுஸ்மிருதிக்கு உரை எழுதிய இடைக்கால வங்காளப் பண்டிதர். கூட்டத்தில் கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கும்? தெரியவேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பெயரின் ஒலியில் ஒரு கோணல் இருந்தது, அது போதும். படித்தவனுக்கு ஒரு அர்த்தமும் படிக்காதவனுக்கு ஒரு சத்தமும் கொடுத்த வசை. இத்தனைக்கும் ‘பட்டர்’ என்று மரியாதை விகுதியோடு. ஒரு அறிஞரை இன்னொரு அறிஞரின் பெயரால் அழைப்பதைக் குற்றம் என்று யார் சொல்ல முடியும்?

1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்துக்கு எதிரிகள் வைத்த பெயர் ‘குலக்கல்வி’. இன்று அந்தத் திட்டத்தின் அரசாங்கப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. அந்தப் பெயர் அநியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். மிச்ச அரைநாளில் பிள்ளை தகப்பனின் தொழிலைப் பழகட்டும் என்றால் தமிழ்நாட்டில் அதற்கு வேறென்ன பெயர் வரும்?

பிறகு 1967. சுதந்திராக் கட்சியும் தி.மு.க.வும் கூட்டு. ‘குல்லுகபட்டர்’ என்று சொன்ன மேடைகளிலேயே அவர் ‘மூதறிஞர்’ ஆனார். நடுவே அவர் படித்த புத்தகங்கள் ஒன்றும் கூடிவிடவில்லை. கூடியது கூட்டணி. இதற்கு நேர்மாறாக ஒன்று: 1972 டிசம்பர் 25இல் ராஜாஜி இறந்தபோது மயானத்துக்கு வந்து அழுதவர் பெரியார். மேடையில் கடுமையாகப் பேசியவர், நேரில் சின்னப் பையன்களையும் ‘வாங்க’ என்று அழைத்தவர் என்று அவரைச் சந்தித்த பலர் எழுதியிருக்கிறார்கள். அவரது முரட்டுத்தனத்தில் நான் சொல்லும் வித்தை குறைவு. வித்தை, பாஷையை மெருகேற்றிய அடுத்த தலைமுறைக்குக் கைவந்தது. பெரியாரிடமும் அது அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1949இல் பிரிந்து போனவர்களை அவர்களுடைய பத்திரிகைத் தலைப்பையே எடுத்துக் ‘கண்ணீர்த்துளிகள்’ என்று ஆண்டுக்கணக்கில் அழைத்தார். தி.மு.க. என்ற பெயரை வாயில் வரவிடாமல் இருக்க அது ஒரு வழி. 2021க்குப் பின் தி.மு.க. சொன்ன ‘விடியல்’ எதிர்க்கட்சி வாயில் ‘விடியா அரசு’ ஆனதும் அதே வழிதான். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்கு இவ்வளவு விளம்பரம் வேறு யாரும் தந்ததில்லை.

அடுத்த தலைமுறை செய்த காரியம், தன் பெயர்களைத் தானே செல்லாக்காசு ஆக்கியது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். நல்ல தமிழ்ப் பெயர்கள். அவையும் போதவில்லை, ‘நாவலர்’, ‘பேராசிரியர்’ என்று மேலே ஒரு மூடி. (அன்பழகன் பச்சையப்பன் கல்லூரியில் வாஸ்தவமாகவே ஆசிரியராக இருந்தவர்.) கலைஞர், புரட்சி நடிகர், புரட்சித் தலைவர், புரட்சித் தலைவி. பட்டமே பெயர் என்று ஆன பிறகு பெயர் என்ன ஆகும்? எதிராளிக்கு வேலை மிச்சம். அவன் எதையும் இட்டுக்கட்ட வேண்டாம், பெயரைச் சொன்னால் போதும். ஜெயலலிதா ‘கருணாநிதி’ என்றார். அந்த ஐந்து எழுத்தில் ஒரு வசைச்சொல்லும் இல்லை. தொண்டர்களுக்கு ரத்தம் கொதித்தது. 2006இல் தி.மு.க. 96 இடங்களோடு ஆட்சி அமைத்தபின் ‘மைனாரிட்டி தி.மு.க. அரசு’ என்று அவர் ஐந்தாண்டும் சொன்னதும் இதே ரகம். கணக்கில் பிழை இல்லை. பிழை இல்லாததுதான் அதன் விஷம்.

கருணாநிதியின் பதில் இன்னும் நுட்பமானது. அவர் ‘அம்மையார்’ என்றார். இயக்கத்தில் அது உயர்ந்த சொல். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் திருமண உதவித் திட்டமே கொண்டுவந்தவர் அவர். ஆனால் ஜெயலலிதாவின் கட்சிக்காரர்களுக்கு அவர் ‘அம்மா’. அம்மாவோடு ‘ஆர்’ சேர்ந்தால் மரியாதை கூடவேண்டும். கூடவில்லை, உறவு கழன்று விழுந்தது. ஆச்சாரியாருக்கு நடந்ததும் இதுதான். அங்கே விகுதி சாதியை ஒட்டவைத்தது, இங்கே தாய்மையைக் கழற்றியது. இரண்டு இடத்திலும் புகார் கொடுக்க இடமில்லை.

இதற்கெல்லாம் மாற்றாக ஒரு சொல் நம்மிடம் இருந்தது. 1967இல் அண்ணாதுரை அரசு ஸ்ரீ, ஸ்ரீமதியை நீக்கித் திரு, திருமதி என்று ஆக்கியது. சாதி ஒட்டாத, எல்லோருக்கும் ஒரே அளவான சொல். அதைக் கவரில் எழுதுகிறோம், வாயால் சொல்வதில்லை. மேடையில் ஒருவரைத் ‘திரு’ என்றால் அவர் எதிரணி என்று அர்த்தம்.

நான் வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்காருகிறவன். எங்கள் கிளைக்கு வாராவாரம் வருகிற ஒரு கொத்தனார் (இந்தத் தொழிலுக்காவது ‘ஆர்’ கிடைத்திருக்கிறது, சித்தாளுக்கு அதுவும் இல்லை) டோக்கன் மிஷின் வந்த பிறகு ஒருநாள் சொன்னார்: “இது வந்ததுலேர்ந்து பரவால்ல சார். எல்லாரையும் நம்பர்லதான் கூப்புடுது. முந்தி நீங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்புடுவீங்க. பின்னால நிக்கிற மரக்கடைக்காரரை சார்னுவீங்க.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் சலானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெயரைச் சொல்லி ஏதாவது பதில் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், அதுதான் வரவில்லை.

2017க்குப் பின் எடப்பாடி பழனிசாமியை அவர் கட்சியினர் ‘எடப்பாடியார்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். சாதியிலிருந்து கழன்ற விகுதி ஊர்ப்பெயரில் போய் ஒட்டியிருக்கிறது. எதிரணியினர் ‘பழனிசாமி’ என்றார்கள். எங்கள் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு சுவரில் இரண்டு கட்சிகளும் அடுத்தடுத்து எழுதியிருந்தன. படித்துக்கொண்டே வந்த பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் இரண்டும் ஒரே ஆளா என்று தன் தகப்பனைக் கேட்டான். தகப்பன், ரயில் வருது நட என்றார்.