பகடையில் தோற்ற திரௌபதியும் தரை டிக்கெட்டும்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிறவர்கள் மலையடிவாரத்துக்கு முன்பே மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. அதன் முன்னால் செல்ஃபி எடுக்காதவர் குறைவு. அது பேசும்படக் காலத்தின் மிச்சம். அதற்கு முந்தைய தமிழகத்து ஊமைப்படங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு அடி பிலிம்கூட மிச்சமில்லை.

அப்படி அழிந்ததில் ஒன்று சூதாட்டக் கதை. மோட்டார் உதிரிபாக வியாபாரியான ஆர். நடராஜ முதலியார் 1917-இல் சென்னையில் இந்தியா ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கினார். ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் கேமரா பழகியவர். முதலில் ‘கீசக வதம்’ எடுத்தார். சூதில் நாட்டைத் தோற்றவர்களின் மனைவி வேலைக்காரியாக இருக்க, அதிகாரத்தில் இருப்பவன் அவள்மேல் மோகம் கொள்ளும் கதை. காதல் என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்து அவர் எடுத்தது ‘திரௌபதி வஸ்திராபஹரணம்’. பகடை, பணயம், துகிலுரிதல்.

திரௌபதியாக யார் நடிப்பது? ‘குடும்பப் பெண்கள்’ கேமரா முன் வரமாட்டார்கள். சபையில் சேலை இழுக்கப்படும் காட்சிக்குக் கேட்கவே வேண்டாம். கடைசியில் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண் நடித்தார். தெய்வமாகக் கும்பிடும் பத்தினியின் வேடத்துக்கு, சாதிக் கணக்குக்கு வெளியே இருந்த ஒருத்தி தேவைப்பட்டாள்.

தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்பதுதான் திரௌபதியின் கேள்வி. ஊமைப்படத்தில் இதை எழுத்து அட்டையாகத்தான் காட்ட முடியும். நம்மவர்களில் எத்தனை பேருக்கு அன்று எழுத்து தெரியும்? ஆனால் அந்தக் காலத்துக் கொட்டகைகளில் அட்டையை உரக்கப் படித்துச் சொல்லும் ஆள் உண்டு. படிப்பு மறுக்கப்பட்டவர்களுக்குக் காது வழியாகப் படம் போய்ச் சேர்ந்தது.

தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்றார் கா. சிவத்தம்பி. அங்கே இடத்தைப் பிரித்தது கையிலிருந்த காசு. தரை டிக்கெட் வாங்கியவன் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பாரதக் கூத்தில் இதே திரௌபதியை எட்டி நின்று பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ரொம்பவும் மெச்சிக்கொள்ளவும் வேண்டாம். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் திருவனந்தபுரத்தில் எடுத்த ‘விகதகுமாரன்’ படமும் அழிந்துபோன ஊமைப்படம்தான். அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி, புலையர் சமூகத்துப் பெண். காபிடல் தியேட்டரில் முதல் காட்சிக்கு அவரை உள்ளே விடவில்லை. கதாநாயகன் அவர் தலைப்பூவை முத்தமிடும் காட்சி வந்ததும் திரையின்மேல் கல் விழுந்தது. ரோசி ஊரைவிட்டு ஓடினார். லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில், தான் நடிகை என்பதையே மறைத்துத் தமிழ்நாட்டில் வாழ்ந்து முடித்தார்.

தீ விபத்து, மகனின் மரணம் இரண்டும் சேர்ந்து 1923-இல் நடராஜ முதலியாரின் படத்தொழிலை முடித்துவிட்டன. எடுத்த படம் ஒன்றும் இன்று இல்லை.

அந்தத் திரௌபதி படத்துக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 2023-இல், விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன நம் இளைஞர்களை அடித்தார்கள். ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். நீதிமன்றம் சொல்லி, 2025 ஏப்ரலில்தான் நம் மக்கள் உள்ளே போய் அம்மனைப் பார்த்தார்கள். அவளைத் தரை டிக்கெட்டில் பார்க்க அவர்களுடைய கொள்ளுத்தாத்தா காலத்திலேயே முடிந்திருந்தது.