குளமா, கூட்டிருப்பா?

நாவலூர், சிறுசேரி மென்பொருள் அலுவலகங்களில் புழங்கும் ‘கனெக்‌ஷன் பூலிங்’ (தரவுத்தள இணைப்புகளைத் திறந்து வைத்துப் பகிரும் முறை) என்பதை ‘இணைப்புக் குளம்’ என்று பெயர்த்தால் பொருள் தவறிவிடும். ஆங்கிலத்தில் ‘பூல்’ என்று ஒரே எழுத்துக்கூட்டலில் இரு சொற்கள் உண்டு. ஒன்று நீர்நிலை. மற்றொன்று பெட்டைக்கோழியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. சூதாட்டத்தில் எல்லோரும் நடுவில் வைக்கும் பந்தயப் பணத்துக்குப் பெயராகி, பிறகு பலர் பகிரும் பொது இருப்பையெல்லாம் சுட்டியது. தரவுத்தளத்துக்கு வந்தது இந்த இரண்டாவது சொல்.

ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டுச் சீமையில் குளம் நல்ல உவமைதானே, தேங்கியதை மதகு வழியே அளந்து விடுகிறோமே என்று கேட்கலாம். மதகு வரைக்கும் சரி. ரெயில்ஸ் என்ற வலைச் செயலிச் சட்டகம் இயல்புநிலையில் ஒரு செயல்முறைக்கு 5 இணைப்புகளே வைத்திருக்கும். ஐந்தும் வேலையில் இருந்தால் ஆறாவது கோரிக்கை 5 விநாடி காத்திருக்கும், அதற்குள் கிடைக்காவிட்டால் பிழையோடு முடியும். ஆனால் வயலுக்குப் பாய்ந்த நீரை ஏரி திரும்பக் கேட்பதில்லை. இணைப்போ வேலை முடிந்ததும் வந்தே ஆகவேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறை தொடங்குவதால் அதைப் புதிதாகத் திறப்பது செலவு, பழையதை மீண்டும் எடுப்பது மலிவு. கல்யாணத்துக்கு எடுத்துப்போய், கழுவித் திருப்பி வைக்கும் ஊர்ப் பொது அண்டாவே இதற்கு நெருங்கிய உவமை. ‘இணைப்புக் கூட்டிருப்பு’ என்றே நான் எழுதுவேன்.