கெட்டா முதல் சஃபாரி வரை

ஏப்ரல், மே வந்துவிட்டால் பெங்களூரில் பாதிப் பேர் வாயில் கபினிதான். மைசூர், எச்.டி.கோட்டே வழியாகப் போனால் சுமார் 220 கி.மீ. வயநாட்டில் பிறந்து, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு சேருகிற அதே கபினி. நம்ம டெல்டா வயலுக்கு வரும் தண்ணீரில் அதற்கும் பங்கு உண்டு. கோடையில் அணைத் தண்ணீர் வற்றி, கரையில் புதுப் புல் முளைக்கும்போது சுற்றியுள்ள காடுகளிலிருந்து யானைகள் கூட்டங்கூட்டமாக இறங்கி வரும். ஆசிய யானைகளை இத்தனை எண்ணிக்கையில் ஒரே இடத்தில் பார்ப்பது அபூர்வம். ஆப்பிரிக்காவில் மசாய் மாரா பார்த்து முடித்தவர்களும் அடுத்து இங்கேதான் ஜீப் ஏறுகிறார்கள்.

ஆனால் யானை பார்க்க இங்கே கடல் கடந்து ஆள் வருவது ஒன்றும் புதுசு இல்லை. அப்போது வந்தவர்கள் பார்த்தது வேறு காட்சி, அவ்வளவுதான்.

சாண்டர்சன் என்று ஒரு ஆங்கிலேயர். 1864-ல் இந்தியா வந்து, மைசூர் அரசில் நீர்ப்பாசன வேலையில் இருந்தவர். காட்டு யானைகளைக் கூட்டமாக வளைத்துப் பிடிக்கும் 'கெட்டா' முறையை மைசூரில் செய்து பார்க்க அனுமதி கேட்டார். அதற்கு நூறு வருடம் முன்னால் ஹைதர் அலி காகனகோட்டைக் காட்டில் முயன்று தோற்றுப்போய், இனி யாராலும் முடியாது, முயல்கிறவனுக்குச் சாபம் என்று கல்லில் பொறித்து வைத்தாராம். 1878-ல் வந்த தன் புத்தகத்தில் சாண்டர்சனே இதை எழுதியிருக்கிறார். சாபம் பலிக்கவில்லை. 1874-ல் சாமராஜநகர் பக்கத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட யானைகள் ஒரே வளைப்பில் சிக்கின.

பிறகு கெட்டா காகனகோட்டைக்கு, கபினிக் கரைக்கு வந்தது. நூற்றுக்கணக்கான ஆட்கள் கொட்டு, தீப்பந்தத்தோடு கூட்டத்தை நாள் கணக்கில் நெருக்குவார்கள். யானைகள் ஆற்றில் இறங்கி நீந்தி அக்கரை ஏறினால், அங்கே கனத்த மரங்களால் கட்டிய பட்டி வாய் திறந்து காத்திருக்கும். உள்ளே போனதும் கதவு விழும். அப்புறம் கும்கிகளும் பாகன்களும் இறங்கிக் கயிறு போடுவார்கள். மகாராஜாவின் விருந்தாளிகள் பரணில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பார்கள். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1906-ல் வந்து பார்த்திருக்கிறார்.

அங்கேயுள்ள காராபுரத்தில் 1924-ல் ஒரு பாகனின் மகனாகப் பிறந்தவர்தான் சாபு. மைசூருக்குப் படம் எடுக்க வந்த ஃப்ளாஹர்ட்டியின் குழு கண்டெடுத்த பையன். 1937-ல் 'எலிஃபென்ட் பாய்' படம் வெளியாகி உலகப் புகழ் பெற்று, கடைசியில் ஹாலிவுட்டுக்கே போய்விட்டார்.

கடைசி கெட்டா நடந்தது 1971-ல். மறு வருடம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-ல் பீச்சனஹள்ளியில் கபினி அணை முடிந்து, கெட்டா நடந்த காட்டில் பெரும்பகுதி தண்ணீருக்குள் போயிற்று. 1980-ல் கர்நாடக அரசு, நேபாளத்தின் டைகர் டாப்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஜங்கிள் லாட்ஜஸைத் தொடங்கியது. முதல் விடுதி அதே காராபுரத்தில், மகாராஜாவின் வேட்டை மாளிகையில்! அதை வளர்த்தெடுத்த கர்னல் ஜான் வேக்ஃபீல்டும் ஒரு காலத்தில் வேட்டைக்காரர்தான். கயாவில் பிறந்து, 2010-ல் இறக்கும் வரை கபினியிலேயே இருந்தார்.

பேங்க் ஆசாமி என்பதால் எனக்குக் கணக்கில்தான் கண் போகும். பிடித்த யானைக்கு விலை இருந்தது. இன்று பார்க்கும் யானைக்கும் விலை இருக்கிறது, அறை வாடகையாக. இரண்டு கணக்கிலும் யார் பெயர் இல்லை?

ஜேனு குருபர்கள். 'ஜேனு' என்றால் கன்னடத்தில் தேன். தேன் எடுப்பதும், காட்டில் யானைத் தடம் பார்ப்பதும், யானையைப் பழக்குவதும் அவர்களுக்குக் கைவந்த வேலை. கெட்டாவுக்கு அவர்கள் வேண்டியிருந்தது. நாகரஹொளே தேசியப் பூங்காவானபோது, காட்டுக்குள் குடியிருக்கக் கூடாது என்று பல குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அதே காட்டுக்குள் 1990-களில் ஒரு பெரிய ஹோட்டல் குழுமத்துக்கு விடுதி நடத்தக் குத்தகை கொடுத்தார்கள்! ஆதிவாசிகள் போராடினார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். அந்தக் குத்தகை சட்டத்துக்குப் புறம்பானது என்று 1997-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2006-ல் வன உரிமைச் சட்டமும் வந்தது. ஆனாலும் நாகரஹொளேயில் நில உரிமை கேட்டு அவர்கள் நடத்திய போராட்டம் அதோடு முடியவில்லை.

யானைகள் பிழைத்தது பெரிய விஷயம், அதில் சந்தேகமே இல்லை. 2023 கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் 6,395 யானைகள், நாட்டிலேயே அதிகம். பரணில் உட்கார்ந்து கயிறு போடுவதைப் பார்த்ததைவிட, ஜீப்பில் உட்கார்ந்து அவை புல் மேய்வதைப் பார்ப்பது எவ்வளவோ மேல். ஆனால் அந்தக் காட்டை நமக்கு முன்னால் படித்தவர்கள் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு மனு எழுதுகிறார்கள் என்றால், கணக்கு இன்னும் நேராகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த கோடையில் கபினி போகிறவர்கள், படகு நடு ஆற்றுக்குப் போனதும் ஓட்டுகிறவரிடம் கெட்டா நடந்த இடம் எது என்று கேட்டுப் பாருங்கள். அவர் தாத்தா கொட்டு அடித்தவராக இருக்கலாம்.