‘லீவு’ வேறு, ‘எம்.சி.’ வேறு: சேதி சொல்லும்போது குழப்பும் ஆங்கிலச் சொற்கள்

லிங்கி, சிலியாவ், பகாவ் எனத் தோட்டம் எதுவானாலும், காலையில் காய்ச்சலோடு படுத்தவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியனுப்புவது வழக்கம். அவர் மண்டோரிடம் சொல்வார், மண்டோர் கிராணியிடம் சொல்வார். கிராணியின் காதில் விழும்போது அது “அவரு இன்னைக்கு லீவு” என்று சுருங்கிவிடும்.

சிக்கல் அங்கேதான். ‘ஆன் லீவ்’ என்றால் விடுப்பில் இருக்கிறார் என்று மட்டுமே பொருள். ஆண்டு விடுப்பா, சம்பளமில்லா விடுப்பா, நோயா என்பது அதில் தெரியாது. மருத்துவர் சான்றிதழோடு வீட்டில் இருப்பவர் ‘சிக் லீவ்’, நம் பேச்சில் ‘எம்.சி.’. 1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டப்படி, மருத்துவ விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரியப்படுத்த வேண்டும், அல்லது தெரியப்படுத்த முயன்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எம்.சி. கையில் இருந்தாலும் அனுமதியின்றி வராதவர் என்றே கருதப்படுவார். வேலை ஆண்டுகளைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. அந்த உரிமை, இடையில் சேதி சொன்னவரின் ஒரு சொல்லால் கைநழுவக் கூடாது. பெயர், எம்.சி., எந்தக் கிளினிக், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று புலனத்தில் எழுதி அனுப்பிவிட்டால் நேரமும் பதிவாகிவிடும். தமிழிலோ மலாயிலோ எழுதினாலும் போதும்.

சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பில் வேறு வகைக் குழப்பம். ‘ஸ்டேபிள்’ என்றால் குணமாகிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். நிலைமை இப்போதைக்கு மோசமாகவில்லை என்பதுதான் பொருள். தீவிர சிகிச்சையில் இருப்பவரும் ‘ஸ்டேபிள்’தான். ‘பாஸ்ட் அவுட்’ மயங்கி விழுந்தது, ‘பாஸ்ட் அவே’ காலமானது. இந்த இரண்டும் மாறினால் வாசலில் பந்தலே போட்டுவிடுவார்கள்.

‘நில் பை மவுத்’ என்றால் வாய்வழியாக எதுவும் கூடாது. சோறு மட்டும்தான் கூடாது என்று நினைத்து ஒரு வாய் தேத்தண்ணி கொடுத்தால் அறுவை சிகிச்சை தள்ளிப்போகும். மருந்து விழுங்க வேண்டியிருந்தால்கூட தாதியைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

‘பை ஃபிரைடே’ என்பது வெள்ளிக்கிழமைக்குள், ‘அன்டில் ஃபிரைடே’ என்பது வெள்ளிக்கிழமை வரை. பாரம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முன்னது, வார்டில் இருக்கும் நாட்களுக்குப் பின்னது. ‘நெக்ஸ்ட் ஃபிரைடே’ வெள்ளைக்காரர்களையே குழப்பும். தேதியைக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

பள்ளியிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ வரும் கடிதத்தில் ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்றிருக்கும். பழைய நிலைக்குத் திரும்புவதுதான் அந்தச் சொல்லின் மூலப்பொருள் என்றாலும், மலேசிய, இந்திய அலுவலகங்களில் பதில் அனுப்புங்கள் என்பதற்கே அது புழங்குகிறது. பிள்ளையைப் படிக்கச் சொல்லி, “பாரத்தைத் திருப்பிக் கொடுக்கணுமாம்” என்று எடுத்துக்கொண்டால் நிரப்பாத பாரமே பள்ளிக்குத் திரும்பிப் போகும்.