சாய்ந்த கம்பம்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரில் பத்து நிமிஷம், லேக் கார்டன் பக்கம் துகு நெகாரா நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் அதன் முன்னால் வரிசையாக நின்று குரூப் போட்டோ எடுக்காதவர்கள் நம்மில் குறைவு. அந்தச் சிலைக்குப் பின்னாலேயே ஒரு போட்டோ இருக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

1945 பிப்ரவரி 23. ஜப்பானின் இவோ ஜிமா தீவு, சுரிபாச்சி மலையுச்சி. ஆறு அமெரிக்க வீரர்கள் ஒரு கொடிக்கம்பத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். அசோசியேட்டட் பிரஸ் படக்காரர் ஜோ ரோசந்தால் அதைச் சுட்டுக்கொண்டார். அன்று காலை ஏற்றிய கொடி சின்னதாக இருந்ததால், அதை மாற்றி ஏற்றிய இரண்டாவது கொடி இது. சண்டை ஓயவும் இல்லை. இன்னும் ஒரு மாதம் நடந்தது. படத்தில் இருக்கும் ஆறு பேரில் மூன்று பேர் அந்தத் தீவிலேயே செத்துப்போனார்கள். அதாவது, உலகம் கொண்டாடிய வெற்றிப் படம் வெற்றிக்கு முன்பே எடுத்தது. படம் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அதே ஆண்டில் புலிட்சர் பரிசு, தபால்தலை, போர்க்கடன் பத்திர விளம்பரம் என்று ஊரெல்லாம் சுற்றியது.

இஞ்சினியர் புத்தி எனக்கு, கம்பத்தின் சாய்வில்தான் கண் போகும். நேராக நின்ற பிறகு எடுத்திருந்தால் அது இன்னொரு கொடியேற்றம், அவ்ளோதான். பாரம் இன்னும் கைகளில் இருக்கிறது, யாராவது ஒருத்தர் கை விட்டால் சரிந்துவிடும். முகங்களும் சரியாகத் தெரியவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் தன் பிள்ளையை அதில் பார்க்கலாம். அந்த முகமின்மை பெயர்க் குழப்பத்தையும் கொண்டுவந்தது. இருவரை ஆள் மாற்றி அடையாளம் சொல்லியிருந்ததை அமெரிக்க மரைன் படை 2016இலும் 2019இலும்தான் திருத்தியது. எழுபது வருஷம் கழித்தும் தேடித் திருத்துகிறார்கள், பாருங்கள்.

வியன்னாவில் பிறந்த சிற்பி ஃபெலிக்ஸ் டி வெல்டன் அந்தப் படத்தை வெண்கலமாக்கினார். 1954இல் வாஷிங்டனுக்குப் பக்கத்தில், ஆர்லிங்டனில் திறந்தார்கள். 1960இல் அமெரிக்கா போன துங்கு அப்துல் ரஹ்மான் அதைப் பார்த்தார். அவசரகாலம் முடிந்த வருஷம் அது. நமக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று அதே சிற்பியிடம் கேட்டார். சுமார் 15 மீட்டர் உயரத்தில் ஏழு உருவங்களோடு துகு நெகாரா 1966 பிப்ரவரி 8 அன்று திறக்கப்பட்டது.

ஆனால் வழியில் ஒன்று மாறிவிட்டது. படத்தில் எல்லாரும் ஒரே கம்பத்தைத் தூக்குகிறார்கள். இங்கே உச்சியில் ஒருவர் கொடி பிடிக்கிறார், மற்றவர்கள் சுற்றிலும் காவல். காலடியில் கிடப்பவர்கள் தோற்ற கம்யூனிஸ்டுகள் என்றே பொதுவாகச் சொல்வார்கள். வேலை போய், போஸ் வந்துவிட்டது. 1975 ஆகஸ்டில் கம்யூனிஸ்டுகள் இதற்குக் குண்டு வைத்தார்கள். செப்பனிட்டுத் திரும்பத் திறக்க 1977 ஆனது.

சரி, நம் வீட்டுப் பெரியவர்கள் ‘சண்டைக் காலம்’ என்று எதைச் சொல்வார்கள்? இவோ ஜிமாவையும் இல்லை, அவசரகாலத்தையும் இல்லை. ஜப்பான்காரன் காலத்தை. 1942 முதல் 1943 வரை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் போய்ச் சேர்ந்தார்கள். அதே பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரக் கைதிகளில் சிலர் ஒளித்து வைத்து வரைந்தார்கள். ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியர் திருட்டுத்தனமாகப் படமே எடுத்தார். காஞ்சனபுரியில் அந்தக் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. நம் ஆட்களிடம் கேமராவும் இல்லை, பெயரை எழுதி வைக்க ஆளும் இல்லை. இருந்தது வாய்ப்பேச்சு. பிறகு ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் வந்தது.

கிள்ளானில் என் பாட்டி வீட்டுக் கூடத்தில் நேதாஜி படம் மாட்டியிருக்கும். சீருடையோடு, நிமிர்ந்து. டெல்லிக்குப் போய்ச் சேராத படையின் தலைவர்தான், ஆனால் படம் இருக்கிறது. அவரைப் பார்க்க ஓடியதைப் பாட்டி அரைமணி நேரம் சொல்வார். சயாமுக்குப் போய்த் திரும்பாத பெரியப்பாவுக்குப் படம் கிடையாது. எப்படி இருப்பார் என்று ஒருமுறை கேட்டேன். “உங்க மாமா மாதிரிதான்யா. கொஞ்சம் கறுப்பு” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்தார். “நெத்தி மட்டும் வேற.”